யாழ்ப்பாணத்தில் சுகாதாரப் பணிக்கு நிதி தேடுவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

கட்டடம் கட்டக் காசு கிடைக்கும். அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் தாதிக்குச் சம்பளம் கொடுக்கக் காசு கிடைக்காது. இயந்திரம் வாங்கித் தர ஆள் வரும். அதற்கு மாதாமாதம் தேவைப்படும் இரசாயனத்தை வாங்கித் தர ஆள் வராது. வைத்தியசாலை நலன்புரிச் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ ஊர்ச் சங்கத்திலோ நிதி தேடும் பொறுப்பை முதன்முறை ஏற்றிருப்பவர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொடுப்பவர்கள் தொடக்கமும் முடிவும் உள்ள வேலைக்குக் கொடுக்கிறார்கள். நோய்க்கு முடிவுத் திகதி கிடையாது. பணம் நின்ற அடுத்த மாதம் இந்த வேலையை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் கையில் இருந்தால், மற்றதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய எழுத்து வேலைதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர்கள் இந்த நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் 1916 இல் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்புக்குப் பணம் தந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கவும் அது துணைநின்றது. செலவில் தன் பங்கைப் படிப்படியாகக் குறைத்து, பொறுப்பை அரசாங்கத்தின் கையில் விட்டு விலகுவது அந்த மன்றத்தின் வழக்கம். அந்தப் பிரிவின் மாதிரிதான் நாடெங்கும் பரவி, இன்று நாம் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் என்று சொல்வதாக வளர்ந்தது. நமக்குக் கிட்ட இருக்கும் உதாரணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தின்மூலம் பொதுமக்களிடமும் கம்பனிகளிடமும் சேர்ந்த பணம் அதைக் கட்டப் பயன்பட்டது. வைத்தியர், தாதியர், மருந்து ஆகியவற்றை அரசு பார்க்கிறது. இந்தப் பங்கீடு இல்லையென்றால் அங்கே நிற்பது வெறும் கட்டடம்.

யார், எதற்காகக் கொடுக்கிறார்கள்

அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் ஒரு முதலீட்டுத் தொகை. அதன் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 1969 இல் வந்த வரிச் சட்டத்தை ஒட்டி, தனியார் அறக்கட்டளைகள் தங்கள் சொத்தில் ஏறத்தாழ 5 வீதத்தை ஒவ்வோராண்டும் தருமப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஆகவே கொடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் எதற்குக் கொடுப்பது என்பதை அவர்கள் பல ஆண்டுத் திட்டமாக முன்னரே முடிவு செய்துவிடுவார்கள். கேட்ஸ் அறக்கட்டளை போன்ற மிகப் பெரியவை, அழைப்பு விடுக்காமல் வரும் விண்ணப்பங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளை பணம் தருவது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு. ஒரு பிரதேச வைத்தியசாலைக்குப் படுக்கை வேண்டும் என்று இவர்களுக்கு எழுதுவது வீண் வேலை. சிறிய குடும்ப அறக்கட்டளைகள், தேவாலயங்களும் கோயில்களும் நடத்தும் தரும நிதிகள், றோட்டறி, லயன்ஸ் போன்றவைதான் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை.

றோட்டறி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்தைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. அதற்குத் திட்டத்தின் மொத்தப் பெறுமதி குறைந்தது 30,000 அமெரிக்க டொலராக இருக்க வேண்டும். இரண்டு நாடுகளின் றோட்டறிக் கழகங்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கழகம், லண்டனிலோ ரொறன்ரோவிலோ இன்னொரு கழகம் என்று ஏற்பாடு செய்யலாம். மானியம் முடிந்த பின்பு வேலை எப்படித் தொடரும் என்பதை அந்த விண்ணப்பம் விரிவாகவே கேட்கும்.

கம்பனிகள் வேறு வகை. இந்தியாவில் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இதைக் கேள்விப்பட்டு இந்தியக் கம்பனிகளுக்கு எழுதுபவர்கள் உண்டு. அந்தப் பணம் இந்தியாவுக்குள் செலவிட வேண்டியது, யாழ்ப்பாணத்துக்கு வராது. இலங்கையில் அப்படியொரு கட்டாயம் இல்லை. இங்கே வங்கி, தொலைத்தொடர்பு, காப்புறுதி, ஆடைத் தொழில் நிறுவனங்கள் கொடுப்பதெல்லாம் விரும்பிக் கொடுப்பதுதான். அதனால் அவர்கள் எந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சமூகப் பொறுப்புப் பாதீட்டிலிருந்து வந்தால் ஆண்டறிக்கையில் எழுதுவதற்கு எண்ணிக்கைகள் கேட்பார்கள். சந்தைப்படுத்தற் பாதீட்டிலிருந்து வந்தால் படம், பதாகை, கூட்டம் கேட்பார்கள். ஊழியர்கள் சேர்த்த பணத்தோடு கம்பனியும் அதேயளவு போட்டுத் தருவதும் உண்டு. அதில் ஊழியர்கள் நேரில் வந்து வேலை செய்ய ஒரு நாள் தேவைப்படும். கிளை முகாமையாளரைச் சந்திக்கும்போதே இது எந்தப் பாதீடு என்று பண்பாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை, அவர்களும் சொல்வார்கள்.

புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் யாழ்ப்பாணத்துக்கே உரிய மூன்றாவது வகை. அன்போடும் விரைவாகவும் கொடுப்பவர்கள். அந்தச் சங்கம் அங்கே தருமத் தாபனமாகப் பதிவு பெற்றதா என்பது முக்கியம். பிரித்தானியாவில் பதிவு பெற்ற தருமத் தாபனத்துக்கு வரி செலுத்தும் ஒருவர் 100 பவுண் கொடுத்தால், அரசாங்கம் மேலும் 25 பவுண் அந்தத் தாபனத்துக்குத் தரும். அதற்குப் பதிலாக, பணம் இங்கே எப்படிச் செலவானது என்பதற்கு அந்தத் தாபனம் தன் ஒழுங்குபடுத்துநருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதேபோன்ற கட்டுப்பாடுகள் உள்ளன. பணத்தை வாங்கி அப்படியே கைமாற்றிவிட அங்குள்ள தாபனத்துக்கு உரிமை இல்லை. அவர்கள் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் கேட்பது உங்களில் நம்பிக்கை இல்லாமல் அல்ல. ஊரவர் என்ற உறவில் இதை மனவருத்தமாக எடுத்துக்கொண்டு நல்ல உதவிகளை இழந்த சங்கங்கள் உண்டு.

முதற்படி: சுகாதாரத் திணைக்களத்தின் கடிதம்

முன்மொழிவு எழுதுவதற்கு முன், எந்தத் தேவை என்பதை உரிய அதிகாரியுடன் பேசி முடிக்க வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. அங்கே பணிப்பாளரிடம் போக வேண்டும். சாவகச்சேரி, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு போன்ற இடங்களின் வைத்தியசாலைகளுக்கு, அங்குள்ள பொறுப்பு வைத்திய அதிகாரி ஊடாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் போக வேண்டும். ஊருக்குள் செய்யும் பரிசோதனை முகாம், போசாக்கு, டெங்குக் கட்டுப்பாடு என்றால் எம்.ஓ.எச். அலுவலகம். அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் எந்த ஒழுங்கையில் என்ன பிரச்சினை என்று அறிந்தவர்கள். அவர்களைக் கேளாமல் தேவையை வகுக்காதீர்கள்.

வாங்க வேண்டிய கடிதத்தில் நான்கு விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: இந்தப் பொருள் அல்லது சேவை தேவை என்பது, அதை இயக்க ஆளணி உண்டு என்பது (பதவியும் எண்ணிக்கையும் உட்பட), இடமும் மின்சாரமும் நீரும் உண்டு என்பது, திட்டம் முடிந்தபின் தொடர் செலவு எந்த நிதியிலிருந்து வரும் என்பது. கடைசி விடயத்தை எழுதித் தருவதற்கு அதிகாரிகள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் உங்களுக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான தகவல். முழுவதையும் ஏற்க முடியாது என்றால் எவ்வளவு ஏற்க முடியும் என்று கேட்டு, திட்டத்தை அந்த அளவுக்குச் சுருக்குங்கள்.

இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை எடுத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 பேர், வாரத்துக்கு 6 நாள் என்றால் 12 தடவை. ஒருவர் வாரத்துக்கு 2 தடவை வருவார் எனில் ஓர் இயந்திரம் 6 நோயாளருக்கே போதும். ஆண்டுக்கு 624 தடவை. ஒவ்வொரு தடவைக்கும் வடிகட்டி, குழாய்த் தொகுதி, ஊசிகள், கரைசல் வேண்டும். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் 4 மணி நேரத்துக்கு 120 லீற்றர் சுத்திகரித்த நீர் வேண்டும். அதைப் பெற அதைவிடக் கூடுதலான கிணற்று நீரோ குழாய் நீரோ செலவாகும். இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்டு வாங்கியவர்களால் இரண்டாம் ஆண்டு சமாளிக்க முடியாமற் போவது இதனால்தான். 6 பேரின் உயிர் அந்த 624 என்ற எண்ணில் தொங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்பதுதான் நியாயம்.

இரண்டாம் படி: சங்கத்தின் பத்திரங்கள்

இது சலிப்பான வேலை. ஆனாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூக சேவை அமைப்பாகப் பதிவு செய்யலாம். பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் விசாரியுங்கள். பெரிய அளவில் வெளிநாட்டு நிதி எதிர்பார்த்தால், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ், பங்குகள் இல்லாமல் உறுப்பினரின் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியும் வழியும் இருக்கிறது. அதற்குச் செயலாளர், ஆண்டுக் கணக்காய்வு, படிவங்கள் என்று தொடர் செலவு உண்டு. சிறிய நலன்புரிச் சங்கத்துக்குத் தேவையில்லை.

ஒரு கோப்பில் இவை எப்போதும் தயாராக இருக்கட்டும்: பதிவுச் சான்றிதழ், யாப்பு, நடப்பு நிர்வாக சபையின் பெயர்ப் பட்டியல், கடைசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுக் கணக்காய்வு அறிக்கைகள், சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் கூற்று, இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்த கூட்டறிக்கையின் பிரதி. கணக்கில் இருவர் கையொப்பம் கட்டாயம் வேண்டும். அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள ஆங்கிலப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவோம். ஓரெழுத்து மாறியதால் வெளிநாட்டுப் பணம் வாரக்கணக்கில் இடையில் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது.

எப்போது கேட்பது

இலங்கையில் பல கம்பனிகளின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். வங்கிகளுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. பாதீடு முடிவாவதற்கு முன்பே உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஆகவே வங்கிக்கு செப்டெம்பர், ஒக்டோபரிலும், மற்றக் கம்பனிகளுக்குத் தைப்பொங்கலை ஒட்டியும் கொடுங்கள். குறித்த தினங்களுக்காகவும் கம்பனிகள் பணம் ஒதுக்கும்: பெப்ரவரி 4 புற்றுநோய் தினம், செப்டெம்பர் 29 இருதய தினம், நவம்பர் 14 நீரிழிவு தினம். அவற்றுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பேசுங்கள். புலம்பெயர் சங்கத்தினர் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வருவார்கள்; அவர்களை வைத்தியசாலைக்கு நேரே அழைத்துச் சென்று காட்டுவது பத்து மின்னஞ்சலுக்குச் சமம். அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பித்தால், முதற் கடிதத்திலிருந்து பணம் வரும் வரை 6 முதல் 12 மாதம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலையை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் வைக்காதீர்கள். தீவுப் பகுதிக்குப் படகில் சாமான் ஏற்றும் வேலையும் அப்படியே.

இரண்டு பக்கக் கருத்துரு

முழு முன்மொழிவை யாரும் முதலில் வாசிப்பதில்லை. இரண்டு பக்கம் போதும். முதற் பந்தியில் எந்த இடம், எத்தனை பேர், என்ன நோய், இப்போது என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். "எமது மக்கள் யுத்தத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டு" என்று தொடங்கும் பந்தியை வாசிப்பவர் ஏற்கெனவே பல தடவை கண்டிருப்பார். அது உண்மைதான், ஆனால் உங்கள் வைத்தியசாலையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. "இந்தப் பிரதேச வைத்தியசாலையின் கிளினிக்கில் 300 சலரோக நோயாளர் பதிவில் உள்ளனர், பாதப் பரிசோதனை எவருக்கும் செய்யப்படுவதில்லை, புண் முற்றியபின் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படுகின்றனர்" என்று எழுதினால் வாசிப்பவருக்குப் படம் தெரிகிறது. அந்த எண் கிளினிக் பதிவேட்டிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். அடுத்து என்ன செய்வீர்கள், யார் செய்வார்கள், எவ்வளவு செலவு, எதைக் கொண்டு வெற்றியை அளப்பீர்கள், முடிந்தபின் யார் ஏற்பார்கள். திணைக்களக் கடிதத்தை இணையுங்கள்.

அளவுகோல் எண்ணக்கூடியதாக இருக்கட்டும். "விழிப்புணர்வு அதிகரிக்கும்" என்பதை எவராலும் எண்ண முடியாது. "300 பேரில் 270 பேருக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாதம் பரிசோதிக்கப்படும்" என்பதை எண்ணலாம். 300 பேருக்கும் என்று எழுதாதீர்கள். வெளிநாடு போவோர், இடம் மாறுவோர், இறப்போர் இருப்பார்கள்.

பாதீடு

பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மேற்சொன்ன பாதப் பராமரிப்புக் கிளினிக்கையே வைத்துச் செய்து பார்ப்போம்.

300 பேர், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 4 தடவை என்றால் 1,200 வருகை. மாதம் 4 கிளினிக் நாள், ஆண்டுக்கு 48 நாள், நாளுக்கு 25 பேர். ஒவ்வொரு வருகைக்கும் இரத்தச் சீனி பார்க்கும் ஒரு பட்டி. வீணாவதற்கு 10 வீதம் சேர்த்தால் 1,320. பெட்டிக்கு 50 என்றால் 27 பெட்டி. 27 பெட்டியையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது: காலாவதித் திகதி இருக்கிறது, திறந்த பெட்டியைப் பல வகைகளில் 3 முதல் 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், பெரும்பாலானவற்றை 30 பாகை செல்சியசுக்குக் குறைவாக வைத்திருக்கவும் வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் நம்முடைய களஞ்சிய அறைகள் அந்த அளவைத் தாண்டும். ஆகவே காலாண்டுக்கு ஒரு கொள்வனவு என்று பாதீட்டிலேயே பிரித்து எழுதுங்கள்.

பாதத்தின் உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலோன் இழை, ஏறத்தாழ 10 பேருக்குப் பயன்படுத்தியபின் 24 மணி நேரம் ஓய்வில் இருந்தால்தான் மீண்டும் சரியான அழுத்தம் தரும். 25 பேர் வரும் நாளுக்கு 3 இழை வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினால் பிற்பகலில் பார்க்கும் நோயாளருக்குப் பிழையான முடிவு வரும். கடந்த இரண்டு மூன்று மாதத்து இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை ஆண்டுக்கு 2 தடவை, மொத்தம் 600. உணர்விழந்த பாதம் உள்ளவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொண்டால், எம்.சி.ஆர். எனும் மென்மையான இறப்பரில் செய்த செருப்பு ஆளுக்கு ஆண்டில் 2 சோடி, 120 சோடி. அளவெடுத்துச் செய்ய வேண்டும். கடைச் செருப்பு உதவாது.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கூறுவிலை வாங்கி, திகதியோடு இணைத்து வையுங்கள். பிறகு பலர் மறந்துவிடும் செலவுகள்: பதிவேட்டில் எழுதுபவருக்கான கொடுப்பனவு, நோயாளருக்கு நினைவூட்டத் தொலைபேசிச் செலவு, போக்குவரத்து, வங்கிக் கட்டணம், கணக்காய்வாளர் கட்டணம். எதிர்பாராச் செலவுக்கு 5 வீதம். நிர்வாகச் செலவுக்கு நன்கொடையாளர் எவ்வளவு அனுமதிக்கிறார் என்று கேளுங்கள். 10 முதல் 15 வீதம் வரை பலர் ஒப்புக்கொள்வார்கள். "நாங்கள் ஒரு சதமும் நிர்வாகத்துக்கு எடுப்பதில்லை" என்று பெருமையாக எழுதுவது நல்லதல்ல. கணக்காய்வும் அறிக்கையும் காசில்லாமல் நடப்பதில்லை. அந்தச் செலவை வேறெங்கோ மறைக்க நேர்ந்தால் அதுவே பின்னர் குற்றமாகும். உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 வீதம் வருமானமாகக் கருதப்பட்டு அதன்மீது வரி வரலாம். உங்கள் சங்கம் அதற்குள் வருகிறதா என்று கணக்காய்வாளரிடம் கேட்டு, வருமென்றால் அதையும் எழுதுங்கள்.

நாணயமாற்று வீதத்தை ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் ஒப்பந்தம் செய்தவர்களுக்கு இறக்குமதிப் பொருள் வாங்கப் பணம் போதவில்லை. டொலரில் செய்தவர்களின் கையில் ரூபா மிஞ்சியது. அதை யாரைக் கேட்டுச் செலவிடுவது என்று தெரியவில்லை. எந்த வீதத்தில் கணக்கு, கூடினாலும் குறைந்தாலும் என்ன செய்வது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

பணம் வரும் வழி

வங்கி ஊடாக, சங்கத்தின் கணக்குக்கு மட்டும். வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு மாற்றும் உண்டியலில் அனுப்பினால் வீதம் கூடக் கிடைக்கும் என்று அங்கிருந்து சொல்வார்கள். ஏற்காதீர்கள். சட்டப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, உண்டியலில் வந்த காசுக்கு வரவுச் சான்று இல்லை. அனுப்பிய தாபனம் தன் நாட்டில் கணக்குக் காட்ட முடியாது, நீங்களும் இங்கே காட்ட முடியாது. செயலாளரின் சொந்தக் கணக்குக்கு வாங்குவதும் அப்படியே, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். பெரிய தொகை வரும்போது வங்கி மூலத்தையும் நோக்கத்தையும் கேட்கும். ஒப்பந்தப் பிரதியை முன்கூட்டியே கிளையில் கொடுத்து வையுங்கள்.

உள்ளூர்க் கம்பனி கொடுக்கும்போது வரி பற்றி ஒன்று தெரிந்திருந்தால் உதவும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கம்பனி கழிக்கக்கூடியது வரிக்குரிய வருமானத்தின் ஐந்திலொன்று அல்லது 500,000 ரூபா, இவற்றில் குறைந்தது. அரசாங்கத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு இந்த எல்லை இல்லை. ஆகவே பெரிய உபகரணம் என்றால், கம்பனியே வாங்கி அரச வைத்தியசாலைக்கு நேரடியாக ஒப்படைத்து, பணிப்பாளரின் ஏற்புக் கடிதத்தைப் பெறுவது அவர்களுக்கு இலாபம். கணக்குச் சுமை இல்லாததால் உங்களுக்கும் நல்லது.

பொருளாகத் தரும்போது

வெளிநாட்டு வைத்தியசாலை கழித்த உபகரணத்தைக் கொள்கலனில் ஏற்றி அனுப்ப அன்புள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை:

இங்கே மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ற்றை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. நேரடியாக மின்னில் ஓடும் மோட்டர் உள்ள இரத்தம் சுழற்றும் இயந்திரம் போன்றவை ஆறிலொரு பங்கு மெதுவாகச் சுற்றும், முடிவும் பிழைக்கும்.

திருத்த இலங்கையில் முகவர் உண்டா? பராமரிப்புக் கையேடு வருகிறதா? இரத்தப் பரிசோதனை இயந்திரம் என்றால், அது தன் கம்பனியின் இரசாயனத்தை மட்டும் ஏற்கும் வகையா? அப்படியானால் அந்த இரசாயனம் இங்கே விற்கப்படுகிறதா? ஆண்டுப் பராமரிப்புக்கு விலையில் 5 முதல் 10 வீதம் ஒதுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்து நீர் வன்மையானது. நீராவிக் கிருமிநீக்கி போன்றவற்றில் விரைவில் சுண்ணாம்புப் படிவு கட்டும். நீர் சுத்திகரிப்பையும் சேர்த்துக் கேட்காமல் அவற்றை ஏற்காதீர்கள்.

பெறுநர் பெயராகச் சங்கத்தைப் போட்டால் கொழும்புத் துறைமுகத்தில் தீர்வையும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். சுகாதார அமைச்சுக்கு முன்கூட்டியே எழுதி, அதன் ஒப்புதலோடும் அது சொல்லும் பெறுநர் பெயரோடும் அனுப்பச் சொல்லுங்கள். பொருட்பட்டியல், நன்கொடைக் கடிதம், பெறுமதிச் சீட்டு ஆகியவை கப்பல் புறப்படுமுன் இங்கே வந்திருக்க வேண்டும்.

மருந்துக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது; ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்து, வைத்தியர்களுக்குத் தரும் மாதிரி மருந்து ஆகியவை கூடவே கூடாது என்கிறது. 2022 நெருக்கடியில் கையில் கிடைத்ததையெல்லாம் அனுப்பத் துடித்தவர்களின் மனம் பெரியது. ஆனாலும் வைத்தியசாலை தந்த பட்டியலில் இல்லாத மருந்து, களஞ்சியத்தை அடைத்துக் கடைசியில் அழிக்கப்படுவதற்கே வருகிறது. அழிப்பதற்கும் செலவு உண்டு.

மறுக்க வேண்டிய பணம்

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுபானக் கம்பனிகளின் அனுசரணையைத் தடை செய்கிறது. இதில் பேச்சுக்கு இடமில்லை. தாய்சேய் கிளினிக்குக்குப் பால்மாக் கம்பனியின் பணமோ பதாகையோ வேண்டாம். தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைச் சந்தைப்படுத்துவது பற்றி 1981 இல் வந்த சர்வதேச நெறிமுறையும் இலங்கையின் சொந்த நெறிமுறையும் அதற்கு எதிரானவை. சலரோக முகாமுக்குச் சீனிப் பானக் கம்பனி முன்வந்தால் சட்டம் தடுக்காது. நீங்கள்தான் தடுக்க வேண்டும். மருந்துக் கம்பனி தரும் பரிசோதனைப் பட்டிகளை ஏற்கலாம், அந்த மருந்தையே எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாவிட்டால். எதை ஏற்பது, எதை மறுப்பது என்று நிர்வாக சபையில் ஒரு தீர்மானம் எழுதி வைத்தால், நெருக்கடி வேளையில் தெரிந்தவர் கேட்கிறாரே என்ற சங்கடம் வராது.

படம் பிடிப்பதற்கும் எல்லை வேண்டும். நோயாளியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டாம். உதவி பெறும் ஏழைத் தாயைக் காசோலை அட்டையோடு நிறுத்திப் படமெடுப்பதைக் கம்பனி கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கட்டடத்தையும் இயந்திரத்தையும் ஊழியர்களையும் எடுக்கட்டும். விடுதிச் சுவரில் எந்தச் சின்னம், எந்த அளவில் என்பதை வைத்தியசாலை நிர்வாகமே முடிவு செய்யும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அறிக்கை

பணம் பெரும்பாலும் தவணையாக வரும். அடுத்த தவணை முந்தைய அறிக்கையில் தங்கியிருக்கும். பாதீட்டில் எந்த வரிசையில் எழுதினீர்களோ அதே வரிசையில் செலவையும் காட்டுங்கள். ஒரு தலைப்பில் 10 வீதத்துக்கு மேல் மாற்றம் வருமென்றால், செலவிடும் முன் கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். செலவிட்டபின் விளக்கம் சொல்வது வேறு, முன்பே கேட்பது வேறு. திட்டமிட்ட 48 கிளினிக் நாளில் 41 தான் நடந்ததா? 41 என்றே எழுதி, வெள்ளமா, தாதியர் இடமாற்றமா, வேலைநிறுத்தமா என்று காரணத்தையும் எழுதுங்கள். அனுபவமுள்ள நன்கொடையாளருக்கு எல்லாம் நூற்றுக்கு நூறு என்று வரும் அறிக்கைதான் ஐயத்தைத் தரும்.

வாங்கிய உபகரணம் ஒவ்வொன்றும் வைத்தியசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறி, அதன் இலக்கம் உங்கள் அறிக்கையிலும் வர வேண்டும். பதிவேட்டில் ஏறாத பொருளைத் திருத்த அரச நிதி கிடைக்காது. தொடர் செலவை ஏற்பதாகச் சொன்ன திணைக்களக் கடிதத்தை, திட்டம் முடிய 6 மாதம் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு மீண்டும் போங்கள். அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் அந்தச் செலவு சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அதிகாரி மாறியிருந்தால் புதியவருக்குப் பிரதி கொடுத்து, அவர் கையொப்பத்தோடு இன்னொரு கடிதம் வாங்குங்கள். பற்றுச்சீட்டுகளின் எழுத்து இந்தச் சூட்டில் விரைவில் மங்கிவிடும்; வாங்கிய அன்றே பிரதி எடுத்து மூலத்தோடு பின் பண்ணி, ஒப்பந்தத்தில் சொன்ன ஆண்டுகள் முடியும்வரை சங்கத்தின் அலுமாரியிலேயே வைத்திருங்கள், பொருளாளர் வீட்டில் அல்ல.